பக்கம் 34

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் கருத்துக்கணிப்பில், பென்சில்வேனியாவில் நம்ம ஆள் ரெண்டு புள்ளி பின்னால் என்று செய்தி வந்தால், நீங்களும் நானும் ‘சரி, ரெண்டு புள்ளி’ என்று எண்ணிக்கொண்டு ரசத்துக்குப் போய்விடுவோம். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவர் போகமாட்டார். “மேல இருக்கற நம்பரப் பார்த்து ஏமாறாதீங்க. உள்ள போகணும்” என்று சாதத்தில் குழி வெட்டியபடியே இடது கையால் போனை எடுப்பார்.

உள்ளே என்றால் கிராஸ்டேப். கணிப்பு நடத்திய நிறுவனம் கடைசியில் இணைத்திருக்கும் அட்டவணைகள். ஆண், பெண், வயது, படிப்பு, இனம், மதம், நகரம், கிராமம் என்று பிரித்துப் பிரித்துப் போட்டிருப்பார்கள். உலகத்தில் யாரும் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எடிசன் ஊரில் இவர் ஒருவர் படிக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

(இவர் என் சகலை அல்ல என்று இங்கே எழுதச் சொல்லி வீட்டில் உத்தரவு. எழுதிவிட்டேன்.)

நியூஜெர்சித் தமிழர் வீட்டு விசேஷம் எதுவானாலும், நாலு வருஷத்துக்கு ஒரு முறை, இவர் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். தெரியாமல் உட்கார்ந்தவர் தொலைந்தார். ரெண்டு விரலால் திரையைப் பெரிதாக்கி மூக்குக்கு நேராக நீட்டுவார். “பக்கம் 34 பாருங்க. பதினெட்டுலேர்ந்து இருபத்தொன்பது வயசு, ஆண்கள், காலேஜ் போகாதவங்க. போன மாசத்தவிட ஒன்பது புள்ளி ஏறியிருக்கோம். ஒன்பது!” அந்தக் கட்டத்துக்கு மேல் எறும்பு எழுத்தில் மொத்தம் 41 பேர் என்று இருக்கும். 41 பேரில் ஒன்பது புள்ளி என்றால் நாலு பேர். அந்த நாலு பேரும் போன மாதம் கேட்ட அதே ஆட்கள்கூட இல்லை. 41 பேரிடம் கேட்டால் பிழை வரம்பே 15 புள்ளிக்கு மேல் போகும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “அது கீழயும் போகலாம், மேலயும் போகலாம் இல்லீங்களா?” என்றார். அவர் கணக்கில் அது மேலே மட்டும்தான் போகும்.

ராசிக் கட்டம் சரியில்லை என்றால் நவாம்சத்தைப் புரட்டும் ஜோசியருக்கு இவர் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல. நல்ல செய்தி வந்த நாளில் பக்கம் 34 தேவையே படாது. முதல் பக்கம் போதும்.

ஆயுதக் கிடங்கில் பழைய கதைகளும் உண்டு. 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, திரும்பி வந்த இருபத்து மூணு லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன்தான் ஜனாதிபதி என்று சொன்னது. லேண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மான்ட் என்ற ரெண்டே மாநிலங்கள், மற்றதெல்லாம் ரூஸ்வெல்ட்டுக்கு. ‘கூட்டம் பெரிசா இருந்தா போதாது, சரியான கூட்டமா இருக்கணும்’ என்பது இதிலிருந்து அவர் எடுக்கும் பாடம். ரொம்பச் சரி. அடுத்த வாரம் பாதகமாக ஒரு கணிப்பு வரும். “வெறும் ஐநூறு பேரா? இதெல்லாம் ஒரு சாம்பிளா?”

மனிதருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஆயிரம் பேரிடம் கேட்டால் ஏன் மூணு புள்ளி கூடக் குறைய வரும், அது ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணுக்கும் தனித்தனியே என்பதால் இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பிழை ஏன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்று என் மகளுக்கு அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அவள் பள்ளிக்கூடத்தில் யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. அன்று அவர்மேல் எனக்குப் பிரியமே வந்தது. சொல்லி முடித்துவிட்டுப் போனை எடுத்து, “அரைப் புள்ளி முந்திட்டோம்” என்றார்.

2024-ல் அவர் கமலா ஹாரிஸ் பக்கம். தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை ஒரு வீட்டில் தீபாவளிக் கூட்டம். மாலையில் அயோவாவிலிருந்து ஆன் செல்ஸரின் கணிப்பு வந்தது: ஹாரிஸ் 47, ட்ரம்ப் 44. 2016-லும் 2020-லும் ட்ரம்ப் சுலபமாக ஜெயித்த மாநிலம். செல்ஸரோ கணிப்புகளில் நல்ல பெயர் எடுத்தவர். நம்மவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கேசரி ரெண்டாவது தடவை போட்டுக்கொண்டார். “அயோவாவே இப்படின்னா பக்கத்துல விஸ்கான்சின் என்னாகும்? மிச்சிகன்? பென்சில்வேனியாவோட பத்தொன்பது எலெக்டோரல் ஓட்டும் நம்ம பையில!” கேட்கப்பட்டவர்கள் 808 பேர். 808 போதுமா என்று அன்று அவர் கேட்கவில்லை.

அயோவாவில் ட்ரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். நம்மவர் சொன்ன மற்ற மூணு மாநிலங்களும் ட்ரம்புக்கே போயின. அடுத்த முறை அவரைப் பார்த்தபோது ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று போனேன். “கணிப்புல தப்பில்லீங்க. படிக்கத் தெரியாதவங்க படிச்சாங்க” என்று எனக்கு அவர் ஆறுதல் சொன்னார்.

இவ்வளவும் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது வேறு. ஒரு நாள் பிழை வரம்புப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. தெரியாத எண். பார்க்காமலே வெட்டினார். “சர்வேக்காரங்க. தினம் ரெண்டு வருது. எவன் உட்கார்ந்து பதில் சொல்றது?” ப்யூ ஆய்வு மையம் 1997-ல் நூறு பேரைத் தொலைபேசியில் அழைத்தால் 36 பேர் பதில் சொன்னார்கள், 2018-ல் அது ஆறாகக் குறைந்துவிட்டது. மீதி 94 பேரில் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து, அந்த ஆறு பேரைக் குடைந்துகொண்டிருக்கிறார்.

அதையும் விட்டுவிடுகிறேன். ஜனாதிபதிக்குப் போட்ட அதே வாக்குச்சீட்டில் எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்துக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எங்கள் சொத்துவரியில் பெரும்பங்கு விழுங்குவது பள்ளிக்கூடம்தான். அவர் பையனும் அங்கேதான் படிக்கிறான். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டாராம்.

“அதுக்கு யாரும் சர்வே எடுக்கலீங்களே. யார் ஜெயிப்பாங்கன்னு தெரியாம எப்படிங்க போடறது?”