டிரேடர் அகத்திணையியல்: சில ஆய்வுக் குறிப்புகள்

பங்குச் சந்தையில் வெல்லப் பணத்தைவிட மனம் முக்கியம் என்று பயிற்சி வகுப்பு நடத்துவோர் சொல்கிறார்கள். பணத்தை வகுப்பு வாசலிலேயே வாங்கிக்கொண்டுவிடுவதால், உள்ளே போனவரிடம் மிஞ்சுவது மனம்தான். அதற்கு அவர்கள் தரும் உபதேசம் எளிது: ஆசையை விடு, அச்சத்தை விடு. டிரேடருக்கு உணர்ச்சி இந்த இரண்டுதான் என்பது அவர்கள் கணக்கு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எட்டாக எண்ணியவர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டையும் எக்ஸ்பயரி நாளன்று மதியம் 2.30-க்கும் 3.30-க்கும் இடையில் ஒரே முகத்தில் பார்க்கலாம். ஆதலால் டிரேடரின் மனத்தை அளக்க அகத்திணையே ஏற்ற கோல் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அகப்பாடலில் தலைவன் பெயரைச் சுட்டுவது மரபன்று. இங்கும் சுட்டவில்லை. லாபம் பார்த்தவர் தம் பெயரைத் தாமே நாலு பேரிடம் சொல்லிவிடுவார். மற்றவர் நம்மைச் சொல்லவிட மாட்டார்.

முதற்பொருளுள் நிலம், முன்பு மும்பை தலால் தெரு. 1875-இல் அங்கே சங்கம் அமைக்கும் முன்பு தரகர்கள் மரத்தடியில் கூடினார்கள். இப்போதைய நிலம் கைப்பேசி. அலுவலகத்தில் அதற்குரிய இடம் கழிவறை. பொழுது, காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை. இது சந்தையின் பொழுது மட்டுமே. தலைவன் மனத்துக்குக் கதவடைப்பு இல்லை. குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது யாமம் என்றார்களே, அது நள்ளிரவில் அமெரிக்கச் சந்தையையும் கிஃப்ட் நிஃப்டியையும் போர்வைக்குள் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் முழுதும் பொருந்துகிறது. மருதத்துக்குச் சொன்ன வைகறையும் ஊடலும் அந்தப் போர்வை விலகியதும் தொடங்கும். விரிக்க வேண்டியதில்லை.

பாலையில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. சங்கத் தலைவன் பொருள்வயிற் பிரிவான். அதாவது பொருள் தேடி வீட்டைப் பிரிவான். சந்தைத் தலைவன் வீட்டிலேயே இருப்பான், பொருள்தான் பிரியும். 2024 ஜூன் 3 அன்று கருத்துக்கணிப்பை நம்பி சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையின்போது 4,389 புள்ளி இறங்கியது. ஒரே இரவில் குறிஞ்சி பாலையானதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

களவு, கற்பு என்ற பகுப்புத்தான் ஆய்வுக்கு மிகவும் விளைச்சல் தருகிறது. இன்ட்ராடே என்பது களவு. அன்றைக்கே முடிய வேண்டியது, வீட்டாருக்குத் தெரியாதது. டெலிவரி என்பது கற்பு. முழுப் பணமும் கட்டிக் கைப்பிடிப்பது. காலை 11 மணிக்கு ஒரு பங்கைத் தலைவன் களவில் சந்திக்கிறான். அது ஏறினால் அரைமணி நேரத்தில் கைகழுவிவிட்டு, டீ குடிக்கப் போவான். இறங்கினால்தான் அவனுக்குள் காதல் பிறக்கிறது. ஸ்டாப் லாஸை இறக்கிப் போடுகிறான். பிறகு இன்னும் கொஞ்சம். 3.20 வாக்கில் புரோக்கர் தானே விற்றுவிடுவார் என்னும் நெருக்கடி வரும்போது, ‘கன்வர்ட்’ பொத்தானை அழுத்தித் திருமணத்தை முடித்துவிடுகிறான். “லாங் டெர்முக்குத்தான் வாங்கினேன். நல்ல கம்பெனி.” சில மணி நேரத்துக்காக வாங்கிய பங்கு, மாலைக்குள் மகளின் கல்லூரிப் படிப்புக்கான முதலீடாகிவிடுகிறது. மகளுக்கு வயது நான்கு.

லாபம் தரும் பங்கைச் சட்டென விற்று, நட்டம் தருவதை அணைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இருவர் 1985-இல் ஆராய்ந்து எழுதினார்கள். கூடி வரும் இன்பத்தைவிட இழப்பின் வலி பெரிது என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே காட்டியிருந்தார்கள். விற்றால்தானே இழப்பு? விற்காதவரை அது “பேப்பர் லாஸ்”. இவ்வுறவு பின்னர் கைக்கிளை ஆகிறது. தன்னை ஒருவன் வைத்திருக்கிறான் என்பதே அந்தப் பங்குக்குத் தெரியாது.

பாங்கனும் மாறிவிட்டான். பழைய பாங்கன் தலைவனைக் கடிந்துரைப்பான். இவன் வாட்ஸாப் குழுவில், “மச்சான், இன்னும் ரெண்டு லாட் போட்டு ஆவரேஜ் பண்ணு” என்கிறான்.

வெற்றிக்கு உரிய திணை முல்லை, இருத்தல். அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கணக்கைப் பார்பரும் ஓடீனும் பார்த்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில், ஓயாமல் வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். ஆனால் சும்மா இருப்பதற்குக் கட்டணம் வாங்கிப் பாடம் எடுக்க முடியாது. புரோக்கருக்கும் அதில் தரகு இல்லை. கல்வி என்ற பெயரில் கடைசி மூன்று மாத விலையைக் காட்டிப் பாடம் நடத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி சொல்லிவிட்டது. பழைய சார்ட்டில் ஆசிரியர்கள் யாரும் பதறுவதில்லை.

செபி இன்னொன்றும் செய்தது. பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் பத்தில் ஒன்பது பேர் நட்டமடைகிறார்கள் என்ற எச்சரிக்கையைச் செயலிக்குள் நுழையும்போதே காட்டச் செய்தது. பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்தபின் தம்மை விட்டுவிட்டு எண்ணினார்கள். நம் தலைவன் நேர்மாறு: ஒன்பது பேரையும் விட்டுவிட்டுத் தன்னை மட்டும் எண்ணுகிறான். 2021-22 முதல் 2023-24 வரை இத்துறையில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நட்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் விடாமல் தொடர்ந்தார்கள். ஆசையும் அச்சமும் அற்ற நிலை இதுவே என்றால் பயிற்சியாளர்கள் வென்றுவிட்டார்கள். இதைப் பொருந்தாக் காதலான பெருந்திணையில் அடக்குவதே முறை.

எஞ்சியது அறத்தொடு நிற்றல். மறைவில் நடந்ததை வீட்டாருக்கு வெளிப்படுத்துவது. சங்கத்தில் இதைத் தோழி செய்வாள். இங்கே ஆடிட்டர் செய்கிறார். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் நட்டம் தொழில் நட்டம். கெடுவுக்குள் கணக்குக் காட்டினால் எட்டு ஆண்டு சுமக்கலாம். இன்ட்ராடே நட்டத்தை நான்கே ஆண்டு. களவின் துயர் பாதிக்காலமே என்பது சட்டத்தாலும் பெறப்படுகிறது. ஜூலை மாதத்தில் ஒருநாள் ஆடிட்டர் தலைவனின் தந்தைக்குப் போன் செய்கிறார்.

“சார், உங்க பையன் மாசச் சம்பளக்காரர்தானேன்னு ஐ.டி.ஆர். ஒண்ணு எடுத்து வச்சேன். மூணு போட வேண்டியிருக்கு.”

“போடுங்க சார். மூணு போட்டா ரீஃபண்டு ஜாஸ்தி வருமா?”