ஏழு மலை, எழுபத்திரண்டு கண்மாய், எண்ணற்ற விருந்தாளிகள்

அரிட்டாபட்டியின் வரலாற்றைக் கல்லில் எழுதி வைத்தவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கண்மாய்க்குக் கரை போடுவது, மடை திறப்பது, ஆட்டை மலையேற்றி இறக்குவது என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எழுதுவதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். 2,200 வருஷமாக வந்துகொண்டே இருக்கிறார்கள்.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். மதுரைக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர், மேலூர் தாலுகா. சுற்றிலும் ஏழு மலை. மலை என்றதும் கொடைக்கானலை நினைத்துக்கொண்டு ஸ்வெட்டரோடு வர வேண்டாம். எல்லாம் மொட்டைப் பாறை. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு ஏறினால் பரதநாட்டியம் தானாக வரும். கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயி மலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை, வயத்துப்பிள்ளான் மலை, அகப்பட்டான் மலை. அகப்பட்டான் மலையில் அகப்பட்டவன் யார், எந்தக் கேஸில் அகப்பட்டான் என்று எந்தக் கல்வெட்டிலும் விவரம் இல்லை.

பாறை தண்ணீரைக் குடிக்காது. பெய்த மழை அப்படியே வழிந்து அடிவாரத்துக் கண்மாய்களில் விழும். வெடிப்பில் தங்கியது சுனையாகும். அரசு கணக்குப்படி 72 ஏரி, 200 இயற்கைச் சுனை, 3 தடுப்பணை. இதில் பெரிய பேர் ஆனைகொண்டான் கண்மாய்க்கு. 16ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் கட்டியது என்கிறது அரசாணை. அந்த நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் உட்கார்ந்திருந்தார். பாண்டியர் தென்காசிப் பக்கம் ஜாகை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து வந்து கரை போட்டாரா என்பதைக் கோப்பு சொல்லவில்லை. கண்மாய் நிறைகிறது, அது போதும்.

இனி விருந்தாளிகள். முதலில் சமணத் துறவிகள். சொத்து சுகம் வேண்டாம் என்று வந்தவர்களுக்குக் கழிஞ்சமலைக் குகை தோதாக இருந்தது. குகையின் நெற்றியில் ஒரு காடி வெட்டி, மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும் வீட்டில் ஒழுகுகிறது; அந்தக் காடி இன்னும் வேலை பார்க்கிறது. செலவு யாருடையது என்பதைப் பக்கத்திலேயே தமிழ்ப் பிராமியில் வெட்டியிருக்கிறார்கள்: நெல்வேலிக்காரர் ஒருவர், பெயர் வெளியன். இன்னொரு கல்வெட்டில் இலஞ்சியைச் சேர்ந்த எமயவன் என்பவர் வருகிறார். நம் ஊரில் குகையா இல்லை? இருந்தாலும் புண்ணியம் சேர்க்க அசலூருக்குத்தான் போக வேண்டும் என்பது அப்போதே இருந்திருக்கிறது.

பக்கத்து மீனாட்சிபுரத்துக் கழுகுமலையில் அலப்பறை இன்னும் அதிகம். ஆராய்ச்சியாளர்கள் மாங்குளம் கல்வெட்டுகள் என்று சொல்வது இவற்றைத்தான். நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி, கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்தார். அரசன் பெயர் இருக்கிறது, வழுதி பெயர் இருக்கிறது, வெள்ளறை வணிகர் சங்கம் இருக்கிறது. சடிகன் என்று ஒருவர். அவர் கல்வெட்டில் நெடுஞ்செழியனோடு மைத்துன உறவும், இளஞ்சடிகன் என்ற மகன் பெயரும் மறக்காமல் ஏறியிருக்கின்றன. கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுக்கும் எவர்சில்வர் குடத்தில் குடும்பத்தின் பேரையே குத்திக் கொடுக்கச் சொல்லும் மாமாவுக்கு மூத்த அண்ணன் அவர். தானம் வாங்கிய முனிவரோ எல்லாம் துறந்தவர்.

இவ்வளவு அக்கறையாக வெட்டியதைப் பிறகு படிக்க ஆளில்லை. எழுத்து மாறிப்போனது. 1882இல் ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி வந்து பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். 1924இல் கே.வி. சுப்ரமணிய அய்யர், “இது தமிழய்யா” என்கிற மாதிரி நிறுவினார். தமிழ்நாட்டுப் பாறையில் இருப்பது தமிழ் என்று கண்டுபிடிக்க 42 வருஷம். பிறகு ஐராவதம் மகாதேவன் வந்து நெடுஞ்செழியனை அடையாளம் காட்டினார். அதுவரை மதுரை வட்டாரத்து ஜனங்கள் சும்மா இல்லை. சமணர் படுக்கை இருந்த இடமெல்லாம் பஞ்சபாண்டவர் படுக்கை என்று பட்டா போட்டுவிட்டார்கள். அவர்கள் கணக்குப்படி பாண்டவர் வனவாசம் பன்னிரண்டு வருஷமும் இந்த மலைகளில் குறட்டை விட்டே கழிந்திருக்க வேண்டும்.

எட்டாம் நூற்றாண்டு வாக்கில் சிவன் வந்தார். பாறையைக் குடைந்து கோயில், வாசலில் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கையில் தடியோடு லகுலீசர். பாசுபத சைவத்தின் குரு, குஜராத்காரர். அடுத்து சமண முனிவர் அச்சணந்தி வந்து, இன்னொரு பாறையில் தீர்த்தங்கரரைச் செதுக்கிவிட்டுப் போனார். மதுரையில் சமணரைச் சைவர் கழுவேற்றிய கதையைப் புராணம் விலாவாரியாகச் சொல்கிறது. இங்கே இரண்டு தரப்பும் பக்கத்துப் பக்கத்துப் பாறையில் ஆளுக்கு ஒரு மூலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெயிலில் சண்டை போட யாருக்குத் தெம்பு?

இவர்கள் போக, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு, தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு எல்லாம் இங்கே குடியிருக்கின்றன. பறவைகள் மட்டும் சுமார் 250 வகை. 2022 நவம்பரில் அரசு, அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஊர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஏறக்குறைய இரண்டு வருஷம். 2024 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் தேர்வானது என்று மத்திய அரசு சொன்னது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், அரிட்டாபட்டியும் அதற்குள். அதுவரை வந்தவர்கள் பாறையில் பெயரை வெட்டிவிட்டுப் போனார்கள். இப்போது பாறைக்கு அடியில் இருப்பதைக் கேட்டு வந்தார்கள். ‘ஏலத்தின்போது மாநிலம் வாயே திறக்கவில்லை’ என்றது டெல்லி. ‘2023லேயே கடிதம் போட்டோம்’ என்றது சென்னை. மேலூர்க்காரர்களுக்கு இந்தப் பட்டிமன்றத்தில் நடுவராக உட்கார விருப்பமில்லை. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள், கடையடைத்தார்கள். டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஊர் ஊராகத் திரண்டு நடந்தார்கள். கல்லில் ஒரு வரி எழுதாத ஜனங்களின் கணக்கு, போலீஸ் வழக்குகளில் 11,608 பேர் என்று ஏறியது. அந்தக் கல்வெட்டு மட்டும் நிலைக்கவில்லை. வழக்குகள் அந்த மாதமே வாபஸ்.

ஜனவரி 23ஆம் தேதி, தை பத்து, ஏலம் ரத்து. டங்ஸ்டன் இன்னும் பாறைக்கு அடியில்தான் கிடக்கிறது. உலோகங்களிலேயே அதிகச் சூட்டில் உருகுவது அதுதான்: 3,422 டிகிரி வேண்டும். டெல்லி உருகுவதற்கு 77 நாளும், மேலூர்க்காரர்களின் மார்கழி மாத நடையும் போதுமானதாக இருந்தன.