வார்ஃப் அங்கிள்

கொச்சிக்கடையில் ஒழுங்கைக்கு ஒரு வார்ஃப் அங்கிள் இருப்பார். துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் நடுவே காகிதத்தோடு அலைந்தே தலை நரைத்த வார்ஃப் கிளார்க். ஓய்வுபெற்றுவிட்டதாக அவர்தான் சொல்லிக்கொள்கிறார். ஜம்பட்டா வீதிக்காரர் விட்டால்தானே.

"அங்கிள், எனக்குப் பார்சல் வந்திருக்காம். அட்ரஸ் சரியில்லையாம். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள்ள லிங்கை அமத்தட்டாம்."

அங்கிள் ஆறுதலாகக் கண்ணாடியைத் தேடுவார்.

"ஆர் அனுப்பினது?"

"தபால் திணைக்களம்."

"நம்பர் 63 எண்டு தொடங்குது. அது பிலிப்பைன்ஸ். எங்கட தபால் கந்தோர் எப்ப மணிலாவுக்குப் போனது?"

பிறகு லிங்கை வாலிலிருந்து வாசிப்பார். முன்னால் தபால் என்று எவனும் எழுதலாம். நம் தபாலின் முகவரி 'கவ் டொட் எல்கே' என்றுதான் முடியும். 'ஒய் என்று பதில் போட்டுவிட்டு லிங்கைத் திறக்கவும்' என்ற வரியைக் கண்டால் மனுசனுக்குக் குஷி. "முன்பின் தெரியாதவன் அனுப்பின லிங்கை ஐஃபோன் பூட்டி வைக்குது. அவன் திறப்பை உன்னட்டயே கேக்கிறான், பிள்ளை!"

அகப்படுகிறவர்களை மடையர் என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பக்கத்தில் டொரோண்டோவிலோ லண்டனிலோ ஆளில்லாத வீடு குறைவு. கள்ளனுக்கு அது தெரிந்திருக்கவும் தேவையில்லை. ஆயிரக்கணக்கில் அனுப்பினால், உண்மையாகவே பார்சலுக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவர் கையில் அது போய்ச் சேரும். கேட்பது சில்லறைக் காசு. காசோடு போவது கார்ட் இலக்கமும் ஓடிபியும்.

போன பின் அந்தோனியாரிடம் ஓடுவோர் உண்டு. தொலைந்ததைத் தேடித் தருபவர் அல்லவா! அங்கிளும் செவ்வாய் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் அவருடைய ஒழுங்கு வேறு: முதலில் வங்கிக்கு அடித்து கார்ட்டை நிறுத்து, அடுத்து இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101 இலக்கம், அதற்குப் பிறகு மெழுகுதிரி.

இவ்வளவு விளக்கமுள்ள மனுசனுக்கு ஒரு குறை. நிஜமும் அவரிடம் தப்புவதில்லை. வங்கி அனுப்பும் உண்மையான அறிவித்தலையும் அழித்துவிட்டு, கிளைக்குப் போய் வரிசையில் நின்று கேட்பார். டொரோண்டோ மகள் ஒருமுறை புது நம்பரிலிருந்து, "அப்பா, நான்தான்" என்று அனுப்பினாள்.

"சின்ன வயசில உன்னைக் கடிச்ச நாயின்ர பேர் என்ன?"

"என்னை ஒரு நாயும் கடிக்கேல்லயே, அப்பா!"

"அப்ப நீ என்ர மகள்தான்."

அந்த மகிழ்ச்சியில் அவள் சட்டையும் விற்றமின் குளிசையும் கட்டி அனுப்பினாள். ஒழுங்கைக்குப் பழக்கமான தபால்காரர் துண்டோடு வந்து சைக்கிளில் இருந்தபடியே கூப்பிட்டார்.

"அங்கிள், பார்சல் வந்திருக்கு. ஒரு கையெழுத்து."

அங்கிள் கேற்றைத் திறக்கவில்லை.

"முதல்ல உம்மட ஐடென்டிடி கார்டைக் காட்டும்."