மாமனாரின் ஏலக்காய்

கேள்வி: வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் மாமனார், "போடி ஏலத்தில் விற்றது போதும் மாப்பிள்ளை, நேரே சவுதிக்கு அனுப்புவோம்" என்கிறார். இறங்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அங்கே போட்டிக்கு நிற்பது குவாத்தமாலா நாடு. முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அங்கே ஏலச்செடியைக் கொண்டுபோய் வைத்தார். அந்த ஊர்க்காரர்கள் சமையலில் ஏலக்காயைத் தொடுவதே அபூர்வம். விளைவதில் பெரும்பங்கும் கப்பலேறிவிடும். நாமோ விளைவதில் பெரும்பங்கைப் பாயசத்திலும் டீயிலும் போட்டு நாமே தீர்த்துவிடுகிறோம். அரபிகளின் கஹ்வா காபிக்கு 8 மில்லிமீட்டர் பச்சைக்காய் என்றால் உயிர்தான். ஆனால் பூச்சிமருந்து எச்சம் இருந்தால் சரக்கு துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மருந்தடிக்கும் மாமனாரின் கையைப் பிடித்து நிறுத்தத் தைரியம் உண்டா? அப்புறம், ஸ்பைசஸ் போர்டில் ஏற்றுமதியாளர் பதிவு வாங்க வேண்டும். அது யார் பெயரில் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.