கண்ணாடி வேலி: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: சிட்னியில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். கண்ணாடி வேலிதான் அழகு என்கிறாள் மனைவி. வீண் செலவு என்கிறேன் நான். நீங்கள் யார் பக்கம்?

பதில்: உங்கள் மனைவி பக்கம். (என் வீட்டிலும் இந்தப் பகுதியைப் படிக்கிறார்கள்.) அழகு கிடக்கட்டும், சமையலறை ஜன்னலிலிருந்தே குளத்தில் நிற்கும் பிள்ளை தெரியும், அதுதான் லாபம். வேலியே வேண்டாம் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் 30 செ.மீ. ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிரப்பக்கூடிய எந்தக் குளத்துக்கும் வேலி கட்டாயம். காற்றடித்து வைக்கும் பிளாஸ்டிக் குளமும் தப்பாது.

கேள்வி: எத்தனை மி.மீ. கண்ணாடி வாங்குவது?

பதில்: ஃபிரேம் இல்லாத வேலிக்குப் பொதுவாக 12 மி.மீ. டஃபன்டு கண்ணாடி. அதன் காலைப் பிடித்து நிற்கும் ஸ்பிகாட்டை யாரும் விசாரிப்பதில்லை. உப்புநீர்க் குளமென்றால் 2205 டூப்ளெக்ஸ் ஸ்டீல் கேளுங்கள். 304 ரகம் கடையில் பளபளக்கும், வீட்டில் பழுப்பேறும்.

கேள்வி: கண்ணாடி தானாகவே வெடிக்குமாமே, திருஷ்டியா?

பதில்: நிக்கல் சல்ஃபைடு. தயாரிக்கும்போது கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட துகள், காலம் போகப் போகப் பருக்கும். ஒருநாள் யாரும் தொடாமலே பலகை பொலபொலவென்று உதிரும். அரிதுதான். சூட்டில் வைத்துப் பார்க்கும் ஹீட் சோக் சோதனை முடிந்த கண்ணாடி வாங்கினால், உடைய வேண்டியதில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே உடைந்திருக்கும். திருஷ்டிப் பூசணிக்காய் உங்கள் இஷ்டம். வேலியோரமாக மட்டும் வைக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: பரிசோதிக்க வந்தவர் வேலியைப் பாராட்டிவிட்டு, பக்கத்திலிருந்த கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டி ‘தேறவில்லை’ என்று எழுதிவிட்டார். அநியாயம் இல்லையா?

பதில்: மூன்று வயதுப் பிள்ளைக்கு அது படிக்கட்டு. வேலி 120 செ.மீ. உயரம் இருந்தாலும், 40 செ.மீ. தொட்டியில் ஏறி நின்றால் மிச்சம் 80தான். அதனால் கால் வைத்து ஏற வாகான எதுவும் வெளிப்பக்கம் 90 செ.மீ.க்குள் இருக்கக் கூடாது. வேலிக்கு அடியிலும் 10 செ.மீ.க்கு மேல் சந்து கூடாது. தொட்டியை நகர்த்திவிடலாம், கதவுதான் தொல்லை. அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். எந்த நிலையில் விட்டாலும் தானே சாத்தி, தானே தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்? பிறந்தநாள் விருந்தன்று பிரியாணி அண்டா வர வசதியாகச் செங்கல்லை முட்டுக் கொடுப்பீர்கள். அப்புறம் 12 மி.மீ. இருந்தென்ன, 20 இருந்தென்ன?

கேள்வி: வெள்ளைத் திட்டு போக இரும்பு நாரால் தேய்க்கலாமா?

பதில்: வினிகர் கலந்த தண்ணீர் போதும். இரும்பு நார் பாத்திரத்துக்கு.