கொரியாவுக்குப் போற மருமகனே, கேளு

ஏ மருமகனே, தென்கொரியாவுக்கு வேலைக்குப் போறியாமே? டீக்கடையில உனக்காக ஒரு கூட்டமே நடந்து முடிஞ்சிருச்சு. "அங்க நாயைத் திம்பாங்க, பாத்துப் போகச் சொல்லுங்க"ன்னாரு டீக்கடைக்காரரு. "எந்நேரமும் சண்டை நடக்கிற சீமையாச்சே"ன்னாரு இன்னொருத்தரு. ரெண்டு பேரும் ராஜபாளையத்தைத் தாண்டினது சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு மட்டுந்தான். வெளிநாட்டைப் பத்தித் தீர்மானமாப் பேசணும்னா அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்திருக்கக் கூடாதுய்யா. அதுதான் மொதத் தகுதி.

நாய் விசயத்துல நம்ம ஊர்க்காரன் கோவப்படுறது நியாயந்தான். வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமா நம்ம ராஜபாளையம் நாயி 2005-லயே தபால்தலையில ஏறிருச்சு. உன்னையும் என்னையும் எவன் தபால்தலையில போட்டான்? ஆனா கொரியா நாடாளுமன்றம் 2024 ஜனவரியில சட்டம் போட்டாச்சு. 2027-லருந்து கறிக்குன்னு நாயை வளக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது, விக்கவும் கூடாது. சியோல் தெருவுல நாயைத் தள்ளுவண்டியில உக்கார வெச்சுட்டு மனுசன் பின்னால நடக்கிறானாம். இங்க நம்ம டீக்கடைக்காரரு வீட்டு நாயி வெயில்ல கட்டுக்கெடையாக் கெடக்கு. அவரு கொரியா நாய்க்கு இரக்கப்படுறாரு.

சண்டைன்னாரே, அந்தக் கொரியாப் போரு 1953-லயே நின்னுபோச்சு. எல்லையில முறைப்பு இருக்கு, இல்லைங்கலை. அந்தச் சண்டையப்ப லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில நம்ம ராணுவ வைத்தியப் படை ஒண்ணு அங்க போச்சு. 1951 மார்ச்சுல பாரசூட்டுல குதிச்சுல்லாம் வைத்தியம் பாத்திருக்காங்க. அன்னைக்கு நம்மகிட்டக் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கிட்ட நாடு, 1996-ல ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனி ஆரம்பிச்சு நம்ம பிள்ளைகளுக்குச் சம்பளம் குடுக்க வந்துருச்சு. அந்தத் தகவல் டீக்கடைக்கு இன்னும் வந்து சேரலை.

நீ சிரிக்காதே. செல்போன்ல 'ஸ்குவிட் கேம்' பாத்துட்டு, கொரியாப் பயலுக பூராம் சந்துக்குச் சந்து கோலிக்குண்டு உருட்டுறதா நீ நெனச்சுக்கிட்டிருக்கே. 2021-ல வந்த அந்தத் தொடரை எடுத்த ஹ்வாங் டோங்-ஹ்யுக், தான் சின்னப் பிள்ளையில ஆடின ஆட்டத்தைத்தான் அதுல எடுத்து வெச்சிருக்காரு. அவருக்கே அது பழங்கதை. உனக்கு இன்னைக்குச் செய்தி! டீக்கடைக்காரரு வெச்சிருக்கிற கொரியாவுக்கு வயசு எழுவது, உன்னோடதுக்கு நாப்பது. மூத்தவருன்னு மரியாதை குடுத்து அவரு கால்ல விழுந்துட்டுப் போ.

ஆட்டத்தை மட்டும் குத்தஞ்சொல்ல முடியாது. அவங்க கோங்கிங்கிறது அஞ்சு கல்லு. ஒண்ணை மேல வீசிட்டுக் கீழ கெடக்கிறதை அள்ளணும், கடைசியில அஞ்சையும் புறங்கையில ஏந்தணும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்துத் திண்ணையில உங்க அம்மா ஆடின சொட்டாங்கல்லு இதேதான். சின்னக் குச்சியைப் பெரிய குச்சியால தெறிக்க விடுறதை ஜாச்சிகிங்கிறான், நமக்குச் செல்லாங்குச்சி. பம்பரமும் உண்டு. நாம சாட்டையைச் சுத்தி வீசி, அடுத்தவன் பம்பரத்துல ஆக்கர் வெச்சுப் பொளப்போம். அவன் உறைஞ்ச தண்ணி மேல விட்டு, சாட்டையால அடிச்சு அடிச்சே நிக்காமச் சுத்த வைப்பான்.

அதுக்காக, அங்க போயி "எங்க ஊர்ல பிள்ளைக இன்னமும் பம்பரந்தான்"னு அளந்து விட்டுறாதே. நாம ஆடின பொட்டலைப் பிளாட்டுப் போட்டு வித்ததுல உங்க அப்பனுக்கும் கமிஷன் உண்டு. சொந்த ஊரைப் பத்தியே உன்கிட்ட இருக்கிறது பழசு. இதுல அடுத்தவன் நாட்டுக்கு நீ என்ன கணக்கு எழுதப்போறே?

"உங்க ஊர்ல புலி திரியுமாமே?"ன்னு அவங்களும் கேப்பாங்க. "அதெல்லாம் அந்தக் காலம், எங்க ஊரு நூல்மில்லு ஊரு"ன்னு நெஞ்சை நிமித்தாதே. நேத்துவரைக்கும் சாம்பல் அணிலுக்குச் சரணாலயமா இருந்த நம்ம மலையை 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சாச்சு. புலி எங்க ஊர்லதான் இருக்குன்னு பவுசாச் சொல்லு. அவங்க காட்டுல இப்பப் புலி கெடையாது. 1988 சியோல் ஒலிம்பிக்குக்குப் பொம்மைப் புலியைத்தான் சின்னமா வெச்சாங்க. பழைய நெனப்பெல்லாம் பொய்யின்னும் ஒதுக்க முடியாது மருமகனே, சிலது ரிட்டயராகி மறுபடி வேலைக்கு வந்துரும்.

அதனால போய் இறங்கின அன்னைக்கே போனைப் போட்டு "கொரியான்னா இப்படித்தான் மாமா"ன்னு தீர்ப்புச் சொல்லாதே. கண்ணுல பட்டதை மட்டும் சொல்லு, கூடவே தேதியையும் சொல்லு. நீ ஒரே ஒருவாட்டி சொன்னாப் போதும், நம்ம டீக்கடை அதை வெச்சே இன்னும் எழுவது வருசத்தை ஓட்டிரும்.