மேட்டுப்பாளையம் வழிச் சிக்கனப் பயணமும் கடையிலா நேரக் கோட்பாடும்: ஓர் ஆய்வு

கையில் காசைக் குறைவாக வைத்துக்கொண்டு உதகைக்குப் போக நினைப்பவர் தம் கணக்கை உதகையிலிருந்து தொடங்குகிறார். இத்துறையின் மூலப்பிழை இதுவே. செலவு தீர்மானமாகும் இடம் மேட்டுப்பாளையம். கடல்மட்டத்துக்கு 326 மீட்டர் மேலே, பவானிக் கரையில், பாக்குத் தோப்புகளுக்கும் உருளைக்கிழங்கு மண்டிகளுக்கும் நடுவே கிடக்கும் இவ்வூரை 'மலைவாசல்' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆய்வாளர்கள் நேரே மேலே போய்விடுகிறார்கள். வாசலில் நின்று சில்லறையை எண்ணியவர் எவருமிலர். அக்குறை நீக்கவே இக்கட்டுரை. இதில் நிறுவ எடுத்துக்கொண்டது ஒன்றே: பயணத்தில் பணம் மிஞ்சுவது, கடை இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதனைக் கடையிலா நேரக் கோட்பாடு என்க.

மலையேறுவோர் நால்வகையர். சொந்தக் காரில் போவோர் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியவர்கள். சிக்கனம் அவர்கள் கவலையன்று, விடுக. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்போர் செலவே செய்யாதவர்கள். இவ்வாய்வின் இலட்சிய மாந்தர், ஆனால் பயணிகள் அல்லர். எஞ்சியோர் பேருந்தரும் ரயிலரும். சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் படுத்தவர் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் கண் விழிக்கிறார். ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை மிச்சம். அங்கே காலை 7.10-க்கு மலைரயில். 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் எட்டிய அப்பாதை வெறும் 46 கிலோமீட்டர்தான். ஆயினும் 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம் கடந்து போய்ச்சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். தண்டவாள நடுவில் கிடக்கும் பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. 2005-இல் யுனெஸ்கோ இதைப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது பொறியியல் சிறப்புக்காக என்பர். ஒரு குடும்பத்தலைவரின் பர்ஸை ஐந்து மணி நேரம் திறக்கவிடாமல் வைத்திருக்கும் அருஞ்செயல் கணக்கில் வராமற்போனது எப்படியோ (காண்க: பயணச்சீட்டின் பின்புறம், பென்சில் கூட்டல்).

அஃதேல், பேருந்து விரைவில் போய்ச் சேருமே, நேரமும் மிச்சந்தானே எனின், அது பொருந்தாது. விரைவில் சேர்ந்தவர் மிச்சம்பிடித்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வர்க்கி வாங்குவார். ஹோம்மேட் சாக்லேட் கடையில் 'சும்மா பார்ப்போம்' என்று நுழைவார். மடக்கி எடுத்து வந்த ஸ்வெட்டர் போதாதென்று குல்லாய் வாங்குவார். படகு இல்லத்தில் வரிசையில் நிற்பார். ரயிலர் இவ்வளவு நேரமும் காட்டுக்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார். செலவழிக்க மனம் இருந்தும் இடம் இல்லை. சீட்டே கிடைப்பதில்லை என்பார்க்கும் விடை உண்டு. ரயில்வே 2024 நவம்பரில் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாக்கியது. காசில்லாமல் திட்டமிட்டு மகிழும் காலம் அதனால் சரிபாதியாயிற்றே என்பதுதான் உண்மையான குறை.

கோட்பாட்டுக்கு ஒரே இடர் ஹில்குரோவ் நிலையம். எஞ்சின் தண்ணீர் குடிக்க அங்கே நிற்கிறது. பயணிகள் தேநீர் குடிக்க இறங்குகிறார்கள். தற்காப்புக்கு வீட்டிலிருந்து புளியோதரை கட்டிச் செல்வது மரபு. அம்மரபை முறியடிக்கக் குரங்குகள் கூரைமேல் காத்திருக்கின்றன. பிடுங்கிய பொட்டலத்தின் நூலைப் பல்லால் அறுத்து, இலையை விரித்து, காரமடைப் பக்கத்தில் விளைந்த கறிவேப்பிலையை ஒதுக்கிவிட்டு, வேர்க்கடலையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கும் நிதானம் எந்த உரையாசிரியருக்கும் வாய்த்ததன்று. இங்கே எழும் வினா, பறிபோன புளியோதரையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது. செலவு எனின், ஈடாக எதுவும் கைக்கு வரவில்லை. தானம் எனின், மனம் ஒப்பவில்லை. வரி எனின், ரசீது இல்லை. ஆகவே 'குரங்குக் கழிவு' எனத் தனித்தலைப்பு வேண்டும்; நால்வர்க்கு ஐந்து பொட்டலம் என்பது இதன் வாய்பாடு (காண்க: மேற்படிப் பொட்டலம் சுற்றிய நாளிதழ், கிழிந்த பக்கம், எண்ணெய் படாத மூன்றாம் பத்தி; எண்ணெய் பட்ட பத்தியில் பாடபேதம் உண்டு). குரங்கு இரண்டாயின் ஆறா என்பார்க்கு, இரண்டு குரங்கும் தமக்குள் சண்டையிட்டு ஒரு பொட்டலம் தண்டவாளத்தில் சிந்தும் என்ப (காண்க: எதிரிருக்கைப் பெரியவர் வாய்மொழி, சுரங்கத்துள் கூறியது, பாதி கேளாதது; கேளாத பாதிக்கு அவர் மனைவியார் சுரங்கத்துக்கு வெளியே செய்த மறுப்புரை).

இவ்வளவு வளமான பொருளைப் பேராசிரியர்கள் ஏன் தொடவில்லை? குறிஞ்சித் திணைக் கருத்தரங்கம் என்றால் மே மாதத்தில் உதகையில் வைத்தால்தான் பொருத்தம் என்பார்கள். பாலைத் திணைக்கு அதே மே மாதத்தில் ராமநாதபுரத்தில் பந்தல் போட எவரும் முந்துவதில்லை. பயணப்படியில் ஏறுகிறவர்க்குச் சிக்கனம் ஆய்வுப்பொருளாக வாய்ப்பது அரிது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பயணப்படிப் படிவத்தில் குரங்குக் கழிவுக்குக் கட்டம் இல்லை.

இறுதி ஆட்சேபம் வலுவானது. இறங்கும்போது அதே ரயில் அதே 46 கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கட்டணமோ குறைவதில்லை. அப்படியானால் கடையிலா நேரத்தில் ஒரு மணிக்கு மேல் ரயில்வே நமக்குப் பாக்கி. இந்தப் பாக்கியை மேட்டுப்பாளையத்தில் சீட்டுக் கொடுக்கும் சன்னலில் ரொக்கமாகக் கேட்கலாம் என்பது ஒரு சாரார் கொள்கை. கேட்போர் பின்னால் நிற்பவர்க்கு வழிவிட்டுக் கேட்க. அங்கே இரவு சென்னை வண்டிக்கு வரிசை நீளம்.